தலையாட்டும் கட்டங்கள்

"அக்கா, நம்ம பசங்க ஒருத்தரும் வரலை" என்றாள் மாணவர் தலைவி.

ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். கடல் தாண்டிய பல்கலைக்கழகத்தோடு திரைவழியே நடக்கும் மாணவர் பரிமாற்றத்தின் கடைசி அமர்வு இது. முதல்வரும் தன் அறையிலிருந்து இணைந்துவிட்டார். பிள்ளைகள் இல்லையென்றால் திட்டத்துக்கு மூடுவிழா. அவள் வேலைக்கும்தான்.

"எங்கடி தொலைஞ்சாங்க?"

"சாப்ட்டுத் தூங்குறாங்க. போன அமர்வுல தலையாட்டுனதைப் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். ஓட விடவா?"

"விட்டுத் தொலை!"

திரையில் கட்டங்கள் மலர்ந்தன. பிள்ளைகள் தலையாட்டினார்கள், ஆட்டினார்கள், தண்ணீருக்கடியில் இருப்பவர்களைப்போல் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். அக்கரையில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி பஞ்சு பஞ்சாய் இறங்கியது.

தனிமை துயரமா என்று அக்கரைப் பேராசிரியை கேட்டார். ஆமென்று ஆட்டினார்கள். அப்படியானால் இன்பமே இல்லையா? அதற்கும் ஆட்டினார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பேசலாமே? அதற்கு இன்னும் பலமாக.

"மானம் போகுதுடி! வேற பதிவே இல்லையா?"

"கொட்டாவி விடுறது ஒண்ணு இருக்கு."

"அதையாவது போடு!"

ஒருத்தன் வாயைத் திறந்தான். அந்தக் கொட்டாவி அலுங்காமல் கடல் தாண்டியது. அக்கரையில் ஒருத்தி விட்டாள், பின்வரிசை விட்டது, பேராசிரியையும் விட்டார். ஒவ்வொரு தலையாக மேஜையில் சாய்ந்தது. பனி மட்டும் விழித்திருந்தது.

தொலைந்தோம் என்று ஒருங்கிணைப்பாளர் முதல்வரின் கட்டத்தைப் பார்த்தாள். அவர் புன்னகையோடு மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ! "ஐயா, திட்டம் அடுத்த வருஷமும் தொடரலாமா?"

ஆட்டினார்.

"என் வேலையை நிரந்தரமாக்கிடலாமா?"

அதற்கும் ஆட்டினார். அப்படியொரு கனிவு!

மனசு மாறுவதற்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டுமென்று ஓடினாள். கால் தரையில் பாவவில்லை. தாழ்வாரமே மேகமாய் மிதந்தது. முதல்வர் அறை பூட்டியிருந்தது. வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் அலுவலக உதவியாளர்.

"ஐயா எங்கண்ணே? இப்பத்தானே திரையில தலையாட்டுனாரு!"

"அதை நேத்து சாயங்காலமே ஆட்டி வெச்சிட்டு ஊருக்குப் போயிட்டாரும்மா."