ஓல்போர்க்கில் ஒரு பயிற்சி அவிசுவாசி

கிறிஸ்தவம் கலிலேயாவில் பிறந்து, ரோமாபுரியில் வளர்ந்து, 1988ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் டென்மார்க்கின் ஓல்போர்க்கில் ஒரு பல்கலைக்கழக உணவுச்சாலையில் பூரணத்துவம் அடைந்தது. வரலாற்றாசிரியர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். நான் கவனித்தேன். கோப்பி இலவசம் என்பதால் புதன்கிழமைதோறும் அங்கேதான் இருந்தேன்.

டெனிஷ் கிறிஸ்தவ மாணவர்களிடம் விசுவாசம் நிறைய இருந்தது. அதை வாய்திறந்து சொல்லும் பழக்கம்தான் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் மழை வருகிறது என்று சொல்லவே கூச்சப்படுகிறவர்கள் அவர்கள். ஆகவே ப்ரெபென் என்ற மாணவர் தலைவர் 'சாட்சிப் பயிற்சி' ஒன்றை ஆரம்பித்தார். சாட்சி என்றால், தான் அறிந்த ஆண்டவரைப் பற்றிப் பிறருக்கு எடுத்துச் சொல்வது. கேள்விகள், பதில்கள், சிரிக்கவேண்டிய இடங்கள் எல்லாம் அச்சடித்தாயிற்று. ஒரே குறை, பயிற்சிக்கு ஓர் அவிசுவாசி வேண்டும். டெனிஷ் அவிசுவாசிகள் "வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டார்கள். சைக்கிள் இல்லாதவர்களைத் தேடி ப்ரெபென், இலங்கைத் தமிழர்களான நாங்கள் இருந்த அகதிகள் விடுதிக்கு வந்தார்.

முதலில் நேர்முகத்தேர்வுக்குப் போனவன் நான், கோணேஸ்வரன். அசல் இந்து.

"இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா?"

"ஓம், அதுக்கென்ன. அவரும் சாமிதானே. பிள்ளையாருக்குப் பக்கத்தில வைக்கலாம்."

ப்ரெபெனின் முகம் தொங்கிவிட்டது. எதிர்ப்பே இல்லாத அவிசுவாசியை வைத்து யார் பயிற்சி நடத்துவது? என்னைத் தள்ளுபடி செய்து, மொழிபெயர்ப்பாளனாகப் 'பதவி உயர்த்தினார்'.

அடுத்தவன் என் அறைத்தோழன் கிறிஸ்துநாயகம். மட்டக்களப்பான். பெயரிலேயே கிறிஸ்துவைக் கொண்டு திரிபவன். பூட்டன் காலத்திலிருந்து கத்தோலிக்கக் குடும்பம்.

"மச்சான், நான் ஞானஸ்நானம் எடுத்தவன், ஜென்மபாவம் அப்பவே கழுவுப்பட்டுப் போச்சுதெண்டு சொல்லு."

ஆதாமிடமிருந்து எல்லோருக்கும் பிறப்போடு வரும் பாவத்தைக் கத்தோலிக்கர் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று ஜென்மம் என்றால் எனக்குத் தெரிந்தது போன பிறவி. தெரிந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன்: "போன பிறவிகளில் செய்த பாவங்களை இவர் தண்ணீரில் கழுவிவிட்டாராம்."

ப்ரெபெனின் கண் கலங்கியது. "மறுபிறவி! புண்ணிய நதி! இவரைத்தான் இத்தனை நாளாகத் தேடினோம்!"

அன்றிலிருந்து கிறிஸ்துநாயகம் புதன்தோறும் மனந்திரும்பினான். கேக் வெட்டுவதற்கு முன் திரும்பிவிடவேண்டும் என்பது ஒழுங்கு. அடுத்த புதன் மறுபடியும் புத்தம்புதிய அவிசுவாசி. எல்லா மாணவர்களும் அவனை வெற்றிகரமாக இரட்சித்தார்கள். லோனே என்ற மாணவி மட்டும் தேறவில்லை. அச்சடித்த கேள்வியை மறந்து, "உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டுவிட்டார்.

ஆகியிருந்தது. மனைவி மேரிசெலினும் சின்ன மகளும் மட்டக்களப்பில். அங்கே சண்டையும் இராணுவச் சுற்றிவளைப்பும். குடும்பத்தைக் கூப்பிட டென்மார்க் சட்டம் இடம் கொடுத்திருந்தது, அமைச்சு கொடுக்கவில்லை. தமிழரின் விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் நித்திரைகொண்டன. செலினிடமிருந்து செய்தி வராத கிழமைகளில் அவனுக்குச் சோறு இறங்காது. உண்மையில் அவன் கேக்குக்காக வரவில்லை. யாராவது ஒரு டெனிஷ்காரர் தன்னோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வந்து, ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்றுதான் வந்தான்.

"ஆராவது எனக்குச் சாட்சியா வருவினமோ எண்டு கேள் மச்சான்."

கேட்டேன். கோரிக்கை முறைப்படி பரிசீலிக்கப்பட்டது. ஒருவருக்குப் பரீட்சை. ஒருவருக்குத் தடிமன் காய்ச்சல். "அது அரசியல். நாங்கள் ஜெபிப்போம்," என்றார் ப்ரெபென். எல்லோரும் கண்ணை மூடினார்கள். கண்ணை மூடினால் எதிரில் இருப்பவனின் முகம் தெரியாது என்பது ஜெபத்தில் உள்ள பெரிய வசதி.

நிறைவு விழாவுக்கு ரண்டர்ஸ், சில்க்போர்க் நகரங்களின் மாணவர்களும் வந்திருந்தார்கள். பயிற்சியால் அடைந்த நன்மையைச் சொல்லும்படி ப்ரெபென் கிறிஸ்துநாயகத்தை மேடையேற்றினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இவையள் எனக்குப் பரலோகத்தில இடம் எடுத்துத் தந்திட்டினம். பெரிய உபகாரம்," என்றான். "அங்க மனுசி பிள்ளையைக் கூப்பிட விடுவினமோ? கேட்டுச் சொல்லு மச்சான். இஞ்ச விடுகினமில்லை."

முதல்முறையாகப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். ப்ரெபென் பாடத்திட்டத்தைப் புரட்டினார். அதில் பதில் இல்லை. "அடுத்தது இறுதித்தேர்வு," என்றார். "லோனே, அவிசுவாசியிடம் முதல் கேள்வியைக் கேளுங்கள்."

லோனே எழுந்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது.

"அந்த அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும்?"

மறுநாள் மூவரும் போனோம். "நீங்கள் இவருக்கு யார்? உறவா? வழக்கறிஞரா?" என்று மேசையில் இருந்தவர் லோனேயைக் கேட்டார்.

"சாட்சி."

அப்படியானால் நீங்கள் போகலாம் என்றார் அவர். லோனே போகவில்லை. சத்தம்போடக் கூச்சம், ஆகவே அங்கேயே சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த கிழமையும் வந்து இருந்தார். பத்திரிகைக்கு எழுதினார், அமைச்சுக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த வருடம் ஒருவழியாக அமைச்சின் நித்திரை கலைந்தது. மேரிசெலின் வந்து இறங்கினாள். மகள் தகப்பனை அடையாளம் தெரியாமல் என்னிடம் ஓடிவந்தாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான். எனக்கும் அழுகை வந்தது.

ஆனாலும் பயிற்சியின் தரத்தில் ப்ரெபென் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இங்கே பாராட்டியே ஆகவேண்டும். அந்த நிறைவு விழாவின் முடிவில் எல்லா மாணவர்களுக்கும் சான்றிதழ் வழங்கினார். லோனேக்கு மட்டும் இல்லை. காரணத்தையும் பகிரங்கமாக அறிவித்தார்: "இவருக்குச் சாட்சி சொல்லத் தெரியாது."