அறுபது பேருக்கு முப்பது கிலோ பொரி

இன்ஜினியரிங் படித்தவர்கள் சமையலறைப் பக்கம் போகக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எக்ஸெல் தெரிந்தவர்கள் போகக்கூடாது.

நான் வேலை பார்ப்பது தரமணியில், எடை மிஷின் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில். (இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். நான் மறக்கத்தான் பார்க்கிறேன்.) சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிற நேரம் அது. வேலை நிரந்தரமாவது மேனேஜர் சுதாகர் சாரின் கையெழுத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. சாரை அசத்திவிடலாம் என்று பொரி வாங்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் பக்குவம் கேட்டேன்.

"எட்டு கப் பொரிக்கு ஒரு கப் பொட்டுக்கடலை, ஒரு கப் பொடிச்ச வெல்லம். தேங்காய் கண்ணளவுதான்."

கப்பாம், கண்ணளவாம். இவர்களை யார் திருத்துவது? அந்தக் கப்பை ஆபீசுக்குத் தூக்கிப்போய், தண்ணீர் நிரப்பி, எங்களிடம் இருப்பதிலேயே துல்லியமான மிஷினில் வைத்தேன். (ஏன் தண்ணீர்? பொரி கைவசம் இல்லை, தண்ணீர் இருந்தது.) கால் கிலோ. ஆளுக்கு இரண்டு கப், அறுபது பேர், ஆக முப்பது கிலோ. எக்ஸெலில் கட்டங்களுக்கு வண்ணமடித்து சாருக்கு அனுப்பினேன். அவரும் கட்டைவிரல் உயர்த்தி 'சூப்பர்' என்றார். அடர்த்தி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தது நான் மட்டுமல்ல என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.

மயிலாப்பூர் மாட வீதியில் பொரிக்கடைக்காரர் கேட்டார்: "எத்தினி படி வோணும்மா?"

"படியெல்லாம் வேண்டாம். எடை போட்டுக் குடுங்க. முப்பது கிலோ."

"முப்பது கிலோவா! இன்னாமா, ஊருக்கே போடப்போறியா?"

"ஆபீஸ் பூஜை. கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"கணக்குப் போட்டியா? அப்ப சரி. வண்டி வாடக தனி." முகமெல்லாம் மலர்ச்சியாக யாருக்கோ போன் போட்டார்.

பூஜையன்று காலை குட்டியானை வண்டியில் ஐந்து மூட்டைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். லிஃப்டில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். வைக்க இடம் மீட்டிங் ரூம் மட்டும்தான். அங்கேதான் பதினோரு மணிக்கு, நல்ல நாள் பார்த்து, தி. நகர் பலகாரக் கடை முதலாளி ஒருவர் மிஷின் பார்க்க வருவதாக இருந்தது.

வந்தார். கதவைத் திறந்தார். கதவில் சாய்ந்திருந்த மூட்டை சரிந்து வாய் பிரிந்தது. ஏ.சி. காற்று மிச்ச வேலையைப் பார்த்தது. பொரி அவர் தலையில், சாரின் லேப்டாப்பில், பிள்ளையார் படத்தில்.

"எவ்வளவும்மா இது?" என்றார், மீசையிலிருந்து பொரியைத் தட்டிக்கொண்டே.

"முப்பது கிலோ சார். அறுபது பேருக்கு."

"எப்படிக் கணக்கு போட்டீங்க?"

எனக்குப் பதற்றமே வராது. (அதுதான் என் வியாதி.) நிதானமாக விளக்கினேன்: முதலில் கப்பை எடுத்தேன், இரண்டாவது தண்ணீர் நிரப்பினேன், மூன்றாவது... மூன்றாவதில் நான் பேசுவது எனக்கே கேட்டது.

முதலாளி திரும்பி சுதாகர் சாரைப் பார்த்தார். "அப்போ உங்க மிஷின்ல நான் மிக்சரைப் போட்டா, தண்ணின்னு காட்டுமா?"

சுதாகர் சார் என்னைப் பார்த்த பார்வைக்கு எடை மிஷின் எதுவும் தாங்காது.

ஆனாலும் முதலாளி மிஷினை வாங்கினார், ஒரே ஒரு நிபந்தனையோடு: "சொல்லிக்குடுக்க இந்தப் பொண்ண மட்டும் அனுப்பாதீங்க."

என் வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. ஆபீசில் புது அளவை ஒன்று பிறந்தது. அளவுக்கு மீறி எது வந்து இறங்கினாலும், "மச்சி, ஒரு ஹேமா இருக்கும்டா" என்கிறார்கள். ஹேமா நான்தான்.

வீட்டிலும் விடுதலை இல்லை. யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், "எடை மிஷின் கம்பெனில இன்ஜினியர்" என்று அம்மா பெருமையாகச் சொல்வார். உடனே உள்ளேயிருந்து அப்பாவுக்கு இருமல் வரும்.