பொருத்தம் அண்ணையும் நம்பர் காட்டாத போனும்

லண்டனில் சிக்னல் எந்தச் சுவரைத் தாண்டும், எந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் என்பது கடவுளுக்குத் தெரியும். அவருக்கு அடுத்தபடியாகப் பொருத்தம் அண்ணைக்குத் தெரியும். தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள சில தெருக்களைப் பற்றிக் கடவுளே அண்ணையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார் என்பது என் கருத்து.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் எங்கள் பங்குச் சுவாமியாருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. மன்னார்க்காரர். ஜெர்மனியில் நெடுங்காலம் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்துவிட்டு, "அங்கை எல்லாரும் வெள்ளைதான் கேக்கிறாங்கள், அலுத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்தவர். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒற்றை அறை. இங்கேயும் பெயின்ற் அடிக்கிறார். இங்கேயும் எல்லோரும் வெள்ளைதான் கேட்கிறார்கள். ஏணியோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பெயின்ற் வாளியைத் திறக்க மாட்டார். முதலில் இரண்டு சட்டைப் பைகளிலிருந்தும் இரண்டு போன்களை எடுத்து, இரண்டு கைகளிலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பார். வீட்டுக்காரர் நிறத்தைப் பற்றிக் கேட்பது அவர் காதில் விழாது.

நம்முடைய சனத்துக்கு மலிவு சிம்தான் உயிர். ஊருக்குக் கதைக்கக் குறைந்த காசு எடுக்கும் சின்னக் கம்பனி எது என்று விசாரித்து, அதைத்தான் வாங்குவோம். பிறகு எங்கேயோ மலிவாக ஒரு போன் வாங்குவோம். இரண்டும் ஒத்துப்போகுமா என்று பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை. கல்யாணத்துக்கு மட்டும்தான் பார்ப்போம். அண்ணை வேதக்காரர், சாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் போனுக்கும் சிம்முக்கும் வீட்டுக்கும் பொருத்தம் பார்க்காமல் யாரையும் காசு கொடுக்க விடமாட்டார். பெயர் வந்தது அப்படித்தான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது குணம் அக்கா புதுப் போன் ஒன்றைக் காட்டினார். தங்க நிறம். ஒன்லைனில் பாதி விலைக்கு வாங்கியது.

"அண்லொக் போன் அண்ணை. எந்தச் சிம்மும் போடலாம் எண்டு போட்டிருந்தாங்கள்."

அண்ணை அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செத்தவீட்டில் கடைசியாக முகம் பார்க்கிறவர்போலக் குனிந்து பார்த்தார்.

"பூட்டு இல்லைத்தான். கதவு திறந்து கிடக்கு. உள்ளுக்கை குழாயிலை தண்ணி வருதோ எண்டு பாத்தனியளோ?"

"என்ன தண்ணி அண்ணை?"

"இது வேறை நாட்டுக்கெண்டு செய்த போன். இஞ்சை சுவருக்குள்ளாலை வாறது இருபதாம் பாண்ட் எண்டுற அலை. அது இதிலை இல்லை. ரோட்டிலை நிண்டா ராசா, வீட்டுக்குள்ளை போனா ஊமை."

"இன்ரநெற் நல்லா ஓடுதே."

"அது ஓடும். கதை ஓடாது. பழைய த்ரீஜியை நிப்பாட்டுறாங்கள். இனிக் கதைக்கிறதும் ஃபோர்ஜியாலைதான். உங்கடை சின்னக் கம்பனி தானே வேறையொருத்தன்ரை சிக்னல் கோபுரத்திலை வாடகைக்கு இருக்கிறான். முன்னைப்பின்னைத் தெரியாத போனை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போவானோ?"

குணம் அக்கா அந்த இடத்திலேயே தன் கணவரின் நம்பரை அழுத்தினார். கணவர் பக்கத்தில்தான் நின்றார். அவருடைய போன் அடிக்கவில்லை. அடிக்காத அந்தப் போனை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். எனக்குப் புல்லரித்துப்போயிற்று. அண்ணை மட்டும் அலட்சியமாகக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். அடக்கம் என்ற குணம் அவருக்கு அறவே கிடையாது.

எந்தப் போனையும் அவர் கடைசியாகப் பரீட்சிக்கும் இடம், சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி. தடித்த பலகை, அதற்குப் பின்னால் கல்சுவர், கோயிலிலேயே சிக்னல் ஆகக் குறைந்த மூலை. அங்கே ஒரு கோடு வந்தால் லண்டனில் எங்கும் வரும் என்பது அவருடைய சித்தாந்தம். ஒருநாள் உள்ளே இருப்பது சுவாமியார் என்று நினைத்து ஒரு அம்மா வந்து முழந்தாளிட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேக்குதோ?"

"கேக்குது சுவாமி."

"விட்டு விட்டோ, தெளிவாயோ?"

"தெளிவாய்க் கேக்குது சுவாமி."

"அப்ப ஒரு குறையும் இல்லை. போகலாம்."

இத்தனை லேசாக ஒருநாளும் மன்னிப்புக் கிடைத்ததில்லை என்று அந்த அம்மா வெளியில் வந்து எல்லோருக்கும் சொன்னார். அண்ணை போனில் கதைத்தது வாசலில் நின்ற குணம் அக்காவின் கணவரோடு என்பதை அவருக்குச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அவர் தேவைப்படும் காலம் வந்தது. என் கணவர் கிளெமென்றுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் டயலிசிஸ் கட்டிலில் படுக்க வேண்டியதாயிற்று. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் வரிசையில் அவருடைய பெயரும் ஏறியது. அன்றைக்கு நர்ஸ் எங்களை இருத்திவைத்துச் சொன்னது இதுதான்: பொருந்துகிற சிறுநீரகம் எந்த நேரமும் வரலாம், வந்தால் போனில்தான் கூப்பிடுவார்கள், ஆள் கிடைக்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

நாங்கள் இருப்பது பேஸ்மென்ற் பிளாட். ஜன்னலால் பார்த்தால் ஆட்களின் சப்பாத்து தெரியும். உள்ளே போன் செத்த பிணம். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்துச் சமையலறையில். ஷிப்டில் போனை லொக்கருக்குள் வைக்க வேண்டும். இவரோ யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவோடு மலிவாகக் கதைக்கிற சின்னக் கம்பனிச் சிம்மை விடவே மாட்டேன் என்று நின்றார். ஒருவர் சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் பெரிய கம்பனிக்குக் கட்டவும் ஏலாது. எனக்கு நித்திரை போயிற்று. அண்ணைக்குச் சொன்னேன்.

பஸ்ஸில் ஏணியோடு வந்தார். ஏணி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கூரைக்குக் கிட்ட, கதவுக்குப் பின்னால், கழிவறைக்குள், கட்டிலுக்குக் கீழே எல்லாம் போனைப் பிடித்துப் பார்த்து, சிக்னல் இல்லாத இடமெல்லாம் பென்சிலால் சிலுவை போட்டார். உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேலே மட்டும் போனில் ஒரு கோடு வந்தது.

"தம்பி, நீ மெஷினுக்கு மேலை ஏறி இருக்க ஏலுமோ?"

இவர் மெஷினையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏலாதெல்லோ. அப்ப கோபுரத்தை மறப்பம். வீட்டு வைஃபையாலை கதைக்கிற போன் வேணும். ஆனா எல்லாப் போனுக்கும் உன்ரை கம்பனி அதைத் திறந்துவிடமாட்டான். அவனுக்குப் பிடிச்ச மொடல் எண்டு கொஞ்சம் இருக்கு. அதிலைதான் பொம்பிளை எடுக்கோணும்."

முதலில் கொண்டுவந்த போன் அழகாக இருந்தது. சிம்மைப் போட்டோம். வைஃபையால் கதைக்கிற வசதி மெனுவில் இல்லவே இல்லை. அண்ணையும் பிழைவிடுவார் என்பதை அன்றுதான் கண்டேன். அவர் அந்தப் போனைப் பார்த்து ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். கருத்து விளங்காவிட்டாலும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அடுத்த கிழமை வந்தது இந்த நாட்டிலேயே விற்று யாரோ பாவித்த பழைய போன். முதுகு முழுக்கக் கீறல், தூக்கினால் கை உளையும். ஆனால் பேஸ்மென்றின் ஆக இருண்ட மூலையில் அது மணிபோல அடித்தது. அண்ணை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது அவர் கேட்டார்: "நம்பர் காட்டாமல் ஒரு கோல் வந்தால் என்ன செய்வாய் தம்பி?"

"எடுக்கமாட்டன்," என்றார் இவர் பெருமையோடு. "ஆர் அண்ணை எடுப்பினம்?"

உண்மைதான். நம்மில் யாரும் எடுக்கமாட்டோம். நம்பரை மறைத்துக்கொண்டு வருகிறவன் கவுன்சில்காரன், இல்லாவிட்டால் பேங்க்காரன், அதுவும் இல்லாவிட்டால் கள்ளன் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். நானும் தலையாட்டினேன். அண்ணை கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆசுப்பத்திரிக்காரர் நம்பரைக் காட்டாமல்தான் எடுப்பினம். உனக்கு நான் நாயாய் அலைஞ்சு போன் எடுத்துத் தாறன், நீ அதைப் பாத்துக்கொண்டிருக்கப் போறியோ?"

மறுநாள் தொடங்கியது பயிற்சி. அண்ணை தன் நம்பரை மறைத்துக்கொண்டு இவருக்குப் போன் அடிப்பார். இவர் எடுத்தால், "நல்லது" என்று ஒரே ஒரு சொல். பிறகு வைத்துவிடுவார். எடுக்காவிட்டால் மிச்சத்திலிருந்து பஸ் பிடித்து நேரில் வந்து ஏசுவார். குளிக்கும்போது அடித்தார். டயலிசிஸில் படுத்திருக்கும்போது அடித்தார். பூசையில் நற்கருணை எடுக்க வரிசையில் நிற்கும்போது அடித்தார். திரும்பிப் பார்த்தால் கடைசி வாங்குப் பலகையில் முழந்தாளில் பக்தியாக இருக்கிறார்.

"இந்த மனுசன் வருத்தத்துக்கு முன்னம் என்னைச் சாக்காட்டிப்போடும்," என்று இவர் புலம்பினார். ஆனால் எடுக்கப் பழகிவிட்டார். அடித்த மறுகணம் எடுத்துவிடுவார்.

அன்றைக்கு எனக்கு லீவு. மத்தியானம் இவர் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. நம்பர் இல்லை. இடதுகையால் எடுத்தார்.

"எடுத்திட்டன் அண்ணை. புட்டுத் தின்னுறன். வையுங்கோ," என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்ததும் "இண்டைக்கு 'நல்லது' எண்டு சொல்லேல்லை" என்று முறைப்பாடு வேறு.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. வைஃபையில் வந்த கோல். திரையில் பொருத்தம் அண்ணையின் பெயர் பளிச்சென்று இருந்தது.

"தங்கச்சி, கிளெமென்றுக்கு ஒரு நல்ல சார்ஜர் கிடைச்சிருக்கு. எந்த முனை எண்டு பாத்துச் சொல்லு."

"இப்பதானே அவருக்கு எடுத்தனீங்கள், அவரையே கேட்டிருக்கலாமே."

"நான் எடுக்கேல்லையே. விடியத்திலையிருந்து ஏணியிலை நிக்கிறன். இண்டைக்கு இன்னும் பயிற்சி தொடங்கேல்லை."

நான் இவரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து இவருடைய வாயில் புட்டு அப்படியே நின்றது. மறைத்த நம்பருக்குத் திருப்பி அடிக்கவும் வழியில்லை. அண்ணைக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் ஏணியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரலில் சொன்னார்:

"போனை வை. ரெண்டு பேற்றை லைனையும் சும்மா விடு, அவை எதுக்கு எடுப்பினமோ தெரியாது. அவனை அசையவேண்டாம் எண்டு சொல்லு."

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கீறல் விழுந்த போனுக்கு முன்னால் இருந்தோம். செபம்கூட நினைவுக்கு வரவில்லை. அடுத்தவருக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன். இவர் என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய விரலில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

அடித்தது. இவர் எடுத்தார். ஒரு பெண், பொறுமையான குரல். சற்றுமுன் எடுத்தபோது வேறு ஏதோ மொழியில் யாரோ சொன்னதாகவும், சரியான நம்பர்தானா என்று பார்த்துவிட்டு மறுபடி எடுப்பதாகவும் சொன்னார். சிறுநீரகம் ஒன்று வந்திருக்கிறதாம். உடனே வெளிக்கிட முடியுமா என்று கேட்டார். பேஸ்மென்றின் இருட்டு மூலையில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. அண்ணை வார்ட்டுக்கு வந்தார். நோயாளியைப் பார்க்க முன் ஜன்னலோரம் போய் இரண்டு போன்களையும் உயர்த்திப் பார்த்துவிட்டு, "மூண்டு கோடு, பரவாயில்லை" என்றார். சுகம் விசாரித்தது அதற்குப் பிறகுதான். குனிந்து இவருடைய நெற்றியில் பெருவிரலால் மெல்லச் சிலுவை போட்டதை நான் கண்டேன். கண்டதை அவர் அறியாமல் தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு போன் அடிக்கவில்லை. ஒரு கிழமை பார்த்தோம். இவர் குளிக்கப் போகும்போதும் போனைக் கொண்டுபோனார். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் அண்ணைக்கு எடுத்தேன். "ஏன் அண்ணை இப்ப இவருக்குக் கோல் எடுக்கிறியள் இல்லை?"

"இனி என்னத்துக்குப் பிள்ளை? வேலை முடிஞ்சுதெல்லோ."

"வேலை முடிஞ்சால் கதைக்கக் கூடாதோ? மனுசன் ஏங்கிப்போய் இருக்கிறார்."

அந்தப் பக்கத்தில் நெடுநேரம் பெயின்ற் உருளை சுவரில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவனோடை வேறை என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது," என்றார். உலகத்தில் அண்ணைக்குத் தெரியாத ஒன்றை அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. அண்ணை நம்பரை மறைக்கவில்லை. இவர் எடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. "சாப்பிட்டியளோ அண்ணை?" என்று இவர்தான் கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வைக்கவில்லை. என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆறிப்போன கறியை இரண்டாம் முறையும் சூடாக்கி, மூடி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் அறைக்கு வெளியே வந்துவிட்டேன்.