தொண்ணூற்றெட்டு ஹேர்ட்ஸ்

“உதென்ன தம்பி, வேலி அடைச்ச மாதிரிக் கிடக்கு?”

துரைராஜா அங்கிள் றொபினின் லப்ரொப் திரையை எட்டிப் பார்த்தார். தேவாலயத்துக்கு அம்ப்ளிபயர் வாங்கிக் கொடுத்தவர் அவர்; பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவரும்கூட. கரோல் ஒத்திகையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். அம்ப்ளிபயரில்தான் கோளாறு என்று றொபினைக் கூப்பிட்டிருந்தார்கள். “ஆறு மணி ஆராதனைக்குள்ளை நிப்பாட்டாட்டில் இந்த மெசினை இனித் தொடமாட்டன்” என்று றொபின் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். எல்லோரிலும் அபிகாயில் அடக்கம். அவளுக்குத்தான் தனிப்பாட்டு.

“இது ஃபூரியர், அங்கிள். இரைச்சலைப் பிரிச்சு, என்னென்ன அதிர்வெண் கிடக்கெண்டு காட்டும்.”

“பிரிச்சுப்போட்டுத் திருப்பிப் பூட்டத் தெரியுமோ?”

கம்பஸில் இரண்டாம் வருடம் மின்னியல் படிப்பவனிடம் கேட்கிற கேள்வியா அது? போனில் பதிந்த இரைச்சல் தொண்ணூற்றெட்டு ஹேர்ட்ஸில் ஊசிபோல் உயர்ந்த ஒரு முனை காட்டியது. அம்ப்ளிபயரின் மின்சுற்றைச் சிமுலேற்றர் மென்பொருளில் வரைந்தாயிற்று. அங்கேயும் அதே இடத்தில் முனை வந்தால் பிழை பிடிபட்ட மாதிரி. வந்ததோ வேலி.

“காணாது, சிமுலேற்றரைக் கனநேரம் ஓடவிடோணும்,” என்றான் றொபின்.

ஓடவிட்டான். லப்ரொப் உறைந்தது. அது கணக்குப் போடும் நேரப்படியைப் பெரிதாக்கினான். சம்பந்தமில்லாத இடங்களில் முனைகள் முளைத்தன. சிறிதாக்கினான். லப்ரொப்பின் விசிறி அலறத் தொடங்கியது.

“றொபின், இப்ப ரெண்டு இரைச்சல்!” என்றார் பாடகர் குழுவை நடத்தும் பியாட்றிஸ் அன்ரி.

கடைசியில் ஒற்றை முனை எழும்பியது. நூறில். ஐம்பது ஹேர்ட்ஸ் மின்சாரம் இரட்டித்தால் நூறுதான். வேண்டியது தொண்ணூற்றெட்டு. றொபின் வேர்வையைத் துடைத்துவிட்டு, சிமுலேற்றரில் நாட்டின் மின்சாரத்தையே நாற்பத்தொன்பதாகக் குறைத்தான். முனை கச்சிதமாக உட்கார்ந்தது.

“அன்ரி, எங்கடை பக்கம் கரண்ட் மெதுவா வருது.”

“ஓம் ஓம், அப்பிடித்தான் இருக்கும்,” என்றார் அன்ரி உடனே. ஒருவரும் மறுக்கவில்லை. தன் படிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று றொபின் நெகிழ்ந்துபோனான்.

மின்னைத் தேக்கும் பெரிய கப்பாசிற்றர் போட்டால் முனை படுத்துவிடும் என்றது சிமுலேற்றர். உண்மையான ஒன்றை அம்ப்ளிபயருக்குள் ஈயத்தால் பற்றவைத்தான். நேர்முனை எது, எதிர்முனை எது என்பதெல்லாம் ஃபூரியர் பார்க்கிற விசயமல்ல.

‘டப்!’

புகை எழும்பியது. சனம் வந்து உட்கார, வாங்குகள் நிரம்பிக்கொண்டிருந்தன.

“அன்ரி... மெசின் முடிஞ்சுது.”

“பறவாயில்லை, வாயாலை பாடுவம்.”

றொபின் அம்ப்ளிபயரின் பிளக்கை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பாடகர் வரிசையின் ஓரத்தில் தலை குனிந்து நின்றான். மணி அடித்து ஓய்ந்தது. பியாட்றிஸ் அன்ரி கையை உயர்த்தினார்.

‘ம்ம்ம்.’

றொபின் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். அம்ப்ளிபயரைப் பார்த்தான்.

“இது எப்பிடி...”

அபிகாயில் அவன் காலை மிதித்தாள்.

“சத்தம் போடாதேங்கோ அண்ணை. அது துரைராஜா அங்கிள் பாட முன்னம் சுருதி பிடிக்கிறது. தெரிஞ்சால் அவருக்கு மனம் நோகுமெண்டுதான், ஒருநாளும் பிழையைக் கண்டுபிடிக்காத ஆளாப் பாத்து உங்களைக் கூப்பிட்டவை.”