லம்ஜத்தின் விரல்

சஃபாக்ஸ் நகரத்துக் கண்ணேறுகளுக்கு அந்த வருஷம் விஞ்ஞான அந்தஸ்து கிடைத்தது. டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த லம்ஜத், ஆய்வகக் கண்ணாடிச் சில்லு ஒன்றும் உருப்பெருக்கிக் காமிராவும் வாங்கிப்போட்டுத் 'துளி டாக்டர்' ஆகிவிட்டார். வாசலில் தினமும் திருவிழாக் கூட்டம்.

முறை எளிது. விரலில் பச்சை சோப்பைத் தடவித் துணியில் துடைத்துவிட்டு, பயபக்தியோடு கிண்ணத் தண்ணீரில் முக்க வேண்டும். அந்தத் தண்ணீர், சில்லுக்குள் ஓடும் மயிரிழை வாய்க்காலில், எண்ணெய்க்கு நடுவே துளித்துளியாகப் போகும். திரையில் பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். வாய்க்கால் குறுகும் இடுக்கில் துளி உருண்டையாகவே போனால் சுகம். இழுபட்டு நீண்டால் கண்ணேறு. எல்லோருக்கும் நீண்டது. ஊரில் அவ்வளவு பொறாமை!

பரிகாரம் ஏழு வெள்ளிக்கிழமை. ஏழாவதில் அவர் ஓதிய தண்ணீரில் விரலை அலசச் சொல்வார். துளி உருண்டுவிடும். அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது; சீட்டெல்லாம் அவருடைய தகரப்பெட்டியில் கிடக்கும்.

ஹாஜரின் கணவன் முன்ஸிஃபுக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷன். அவன் சீட்டும் பெட்டிக்குள். இரண்டு வெள்ளிதான் முடிந்திருந்தது.

அவளுடைய தங்கை வசீலாவுக்கு எண்ணெய் ஆலை ஆய்வகத்தில் வேலை. இதே மாதிரிச் சில்லில் துளி எவ்வளவு நீள்கிறது என்று பார்த்து, அதன் மேல்தோல் எவ்வளவு இறுக்கம் என்று அளப்பாள். ஒருநாள் சோப்புக் கையோடு மாதிரியைத் தொட்டு, அன்றைய அளவை முழுக்கக் கெடுத்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதனால், மூன்றாவது வெள்ளி அக்காவோடு வந்தபோது அவள் திரையைப் பார்க்கவில்லை. சோப்பைப் பார்த்தாள்.

"அக்கா, அது திருஷ்டி இல்ல. சோப்பு பட்டா துளி தளர்ந்துபோயிடும்."

"உனக்கு எல்லாமே சோப்புதான். புருஷனப் பறிகொடுக்கப்போறது நானா நீயா?" ஹாஜருக்கு அழுகை வந்துவிட்டது.

வசீலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஐயா, உங்க மேல யார் கண்ணாவது இருக்கா?"

"என்மேலயா? எவன் கண்ணும் ஒட்டாது."

"அப்ப நீங்களே சோப்பு போட்டு ஒரு விரல் விடுங்களேன். சனங்க கண்குளிரப் பாக்கட்டும்."

கூட்டம் கைதட்டியது. மாட்டிக்கொண்டவர் விரலை விட்டார். திரையில் துளி சேமியாவாக நீண்டது.

"அடப்பாவமே, ஐயாவுக்கே வச்சுட்டானுங்களே!" என்றார் ஒரு பெரியவர். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வசீலா தலையில் அடித்துக்கொண்டாள். லம்ஜத்தைக் குழாயடிக்கு இழுத்துப்போய், ஓதாத தண்ணீரில் விரலை நன்றாக அலசி, வேறு கிண்ணத்தில் முக்கவைத்தாள். துளி கோலிக்குண்டாக உருண்டு போனது. ஏழு வெள்ளி, ஒரே நிமிஷத்தில் முடிந்தது.

காமிரா சூடாகிவிட்டது என்றார் லம்ஜத். யாரும் கேட்கவில்லை. ஹாஜர் தகரப்பெட்டியைத் திறந்து சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் புதிதாக ஒரு வரிசை நின்றது.

திங்கட்கிழமை முன்ஸிஃப் ஆபரேஷனுக்குப் போனான்.

இனி எவனாவது உங்கள் விரலைக் கேட்டால், முதலில் அவன் விரலை விடச் சொல்லுங்கள். அதைக் கேட்க ஆய்வகம் தேவையில்லை, வாய் இருந்தால் போதும்.