இரண்டே நாள் என்று மைக்கில் சொன்னேன்

காலை பத்தே கால். பாப்பாரப்பட்டியைத் தாண்டி அந்த ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஒரு வீட்டின் பின்புறம் புளியமரத்தடியில் கோரைப்பாய் விரித்துக் காலை நீட்டிப் படுத்திருந்த பெண். பக்கத்தில் தனித் தட்டு, தனிச் சொம்பு.

எழுபதுகளின் தொடக்கம். கர்ப்பத்தடை மாத்திரையைச் சில ஊர்களில் மட்டும் கொடுத்துப் பார்த்த காலம். சேலத்தில் ஒரு நாளிதழில் புதிதாகச் சேர்ந்திருந்த என்னை, "பொம்பளைங்களுக்குத் திருப்தியான்னு கேட்டு எழுதிட்டு வாம்மா" என்று ஆசிரியர் அனுப்பியிருந்தார். (எனக்கு அப்போது திருமணம் ஆகவில்லை. ஆகவே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.)

படுத்திருந்தவள் ராஜம்மா. நாலு பிள்ளைக்காரி. அந்தத் தெருவில் மாத்திரை சாப்பிடும் ஒரே பெண்.

"தலைசுற்றல், வாந்தி உண்டா?"

"மொத மாசம் இருந்துச்சுங்க. இப்ப இல்லீங்க."

"வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்?"

"அவருதானுங்க வாங்கிட்டு வராரு. இன்னொன்னு பொறந்தா யாரு சோறு போடறது?"

"அப்படியானால் திருப்திதான்?"

வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "முன்னெல்லாம் அஞ்சு நாளு வூட்டுக்குத் தூரமா இருப்பேன். மாத்திரை போட்டதுலருந்து ரெண்டே நாளுல நின்னு போவுதுங்க."

"நல்லதுதானே?"

"என்னங்க நல்லது? இன்னிக்கி நாலாவது நாளு. அத்தைக்குத் தெரியாது. மாசத்துல இந்த அஞ்சு நாளுதான் தண்ணி சேந்தாம, களி கிண்டாம கெடக்கறேன். எழுதிப்புடாதீங்க."

எழுதவில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்தேன்.

மாலையில் மாதர் சங்கக் கூட்டம். மருமகள்கள் முன்னால், மாமியார்கள் பின்னால். "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று, ஊருக்கு மாத்திரை வழங்கும் நர்சம்மா மைக்கைக் கொடுத்தார். நான் முழங்கினேன்: "உங்கள் தெருவிலேயே ஒரு சகோதரிக்கு இந்த மாத்திரையால் ஐந்து நாள் இரண்டே நாளாகக் குறைந்திருக்கிறது!" (பெயரைச் சொல்லவில்லை. பத்திரிகை தர்மம்.)

கைதட்டலுக்காக நிறுத்தினேன். விளைந்த கொல்லையில் மாட்டை ஓட்டிவிட்டவளைப் பார்ப்பதுபோல் முன்வரிசை என்னைப் பார்த்தது. பின்வரிசையில்தான் ஆரவாரம். "எங்க வூட்டுக்கும் ஒரு அட்டை குடு நர்சம்மா!"

"குடுத்தா நீயே முழுங்கிக்க அத்தே!" என்றது முன்வரிசை.

அதற்குள் ஒரு மாமியார் எழுந்துவிட்டார். "ரெண்டு நாளா? எம் மருமவ நாலு நாளா மரத்தடியில கெடக்கறாளே!"

அவர் வீட்டுக்கு விரைய, நான் பின்னாலேயே ஓடினேன். கூட்டமும் ஓடியது.

"எந்திரிடி! தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்து ராகியத் திரி. ரெண்டு நாளுல நின்னுபோச்சாமே!"

ராஜம்மா என்னைப் பார்த்தாள். நான் புளியமரத்தைப் பார்த்தேன்.

அவள் நிதானமாக எழுந்து உட்கார்ந்தாள். "நின்னுதான் போச்சு. எங்க நின்னுச்சு? உள்ளதான நின்னுச்சு? வெளிய வர்ற தீட்டு அஞ்சு நாளுல போவும். உள்ளயே நின்ன தீட்டுக்கு ஏழு நாளு ஆவும் அத்தே. இப்பவே வந்து அடுப்பத் தொடட்டுங்களா?"

மாமியார் என் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ள நீ சொல்லும்மா. நெசமா?"

உண்மையைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். பேசுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"ஆமாங்க, ஏழு நாள்" என்றேன்.

மாமியார் இரண்டடி பின்னால் நகர்ந்தார். வேலிக்கு அப்பால் முன்வரிசை முழுவதும் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

இன்றும் என் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "அஞ்சா, ஏழா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் கணவர் நம்புவார்.

அந்தக் கூட்டம் நடந்த அடுத்த மாதமே அந்த ஊரில் மாத்திரை தீர்ந்துபோய், நர்சம்மா தருமபுரிக்கு ஆள் அனுப்பினார்.