இறக்கைக்குத் துணி போர்த்திய வைபவம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது சமைத்துச் சாப்பிடுவதற்காக என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது சுத்தப் பொய். இஸ்திரி போடுவதற்காகத்தான். இந்த மாபெரும் உண்மையை நிலைநாட்டிய பெருமை எங்கள் 'குட்டி விமான நண்பர்கள் சங்க'த்தையே சேரும். அதன் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் அறிவித்துக்கொள்கிறேன்.

சங்கத்தில் நாங்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் தலைவர். பல் டாக்டர் பொருளாளர். மூவருக்கும் விமானம் ஓட்டத் தெரியாது. அந்தச் சில்லறை வேலைக்கு என் மனைவி இருக்கிறாள். முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கியவள். 'நிர்வாகத் திறமை' போதாது என்பதால் அவளைச் சங்கத்தில் சேர்க்கவில்லை.

ஒரு பழைய லாரி ஷெட்டில் மரத்தை அறுத்து ஒட்டி, இரண்டு பேர் உட்காரும் விமானத்தின் எலும்புக்கூட்டை நாங்களே செய்து முடித்தோம். உள்ளே முடுக்க வேண்டிய போல்ட், நட்டு வகையறாக்களை 'இன்னொருவர் பார்த்துக்கொள்வார்' என்ற கூட்டுப் பொறுப்பு முறையில் நிறைவேற்றினோம். அடுத்தது துணி. மரச் சட்டத்தின் மேல் துணியைப் பசை போட்டு ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் அது சுருங்கி விறைத்து நிற்கும். பிறகு ஊசி நூலால் தைத்து, பெயிண்ட் அடித்தால் இறக்கை தயார். உள்ளே இருக்கும் எதுவும் அப்புறம் கண்ணுக்குத் தெரியாது.

"துணி போடறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க. நான் உள்ள எல்லாத்தையும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு மனைவி ஆபீஸ் வேலையாக வெளியூர் போனாள்.

அவள் போன மறுநாளே போர்த்திவிட்டோம். இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமே!

அந்த நாளை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. மூன்று வீட்டு இஸ்திரிப் பெட்டிகள், ஒரே இறக்கை. மேல்பக்கம்தான் போட்டோவில் விழும் என்பதால் மூவரும் மேல்பக்கத்திலேயே தேய்த்தோம். முழங்கையும் முழங்கையும் இடித்தன. தலைவர் ஆர்வக்கோளாறில் தன் சட்டை நுனியையும் சேர்த்து ஒட்டிவிட்டு, அப்படியே நின்று அரை மணி நேரம் சொற்பொழிவாற்றினார். துணி சுருங்கச் சுருங்க எங்கள் மார்பு விரிந்தது.

ஊரிலிருந்து திரும்பியவள் நேராக ஷெட்டுக்கு வந்தாள். இறக்கையைத் தட்டிப் பார்த்தாள். கும்மென்று கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு. உள்ள அந்தப் பெரிய போல்ட்டுக்குப் பூட்டுப் பின் மாட்டியாச்சா?"

விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் கம்பி அந்த போல்ட்டில்தான் மாட்டியிருக்கிறது. நட்டைக் கழலாமல் பிடித்து வைக்கும் சின்ன ஊசிதான் பின்; அது இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்வில் நட்டு கழன்றுவிடும். நடுவானத்தில் திரும்ப நினைத்தால் திரும்பாது.

தலைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"டாக்டர் போட்டிருப்பாரு" என்றார் தலைவர்.

"நான் நீங்க போட்டீங்கன்னு நெனச்சேன், தலைவரே!"

"அப்போ யாருமே போடலையா?" என்றாள் மனைவி.

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. போடலங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் தலைவர்.

"ஒரு உள்ளங்கை அளவு துணியை வெட்டிப் பாத்துடலாம். அப்புறம் ஒட்டுப் போட்டுக்கலாம்."

"வெட்டறதா! நாளைக்கு முதல் தடவையா பறக்கப்போகுது, போட்டோகிராபர் வர்றாரும்மா!" என்று பதறினார் தலைவர்.

அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவசரக் கூட்டம் போட்டோம். "தொறந்து பாத்தா ஏதாவது இருக்கத்தான் செய்யும். இது என் தொழில் அனுபவம். தொறக்காம இருக்கறதே நல்லது" என்றார் பல் டாக்டர். 'பின் போடப்பட்டிருப்பதாக இச்சங்கம் மனப்பூர்வமாக நம்புகிறது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நானே அவளிடம் படித்துக் காட்டினேன்.

"ரொம்ப சந்தோஷம். ரெண்டு சீட் இருக்கு. நாளைக்கு என் பக்கத்துல யாரு வர்றீங்க?"

தலைவருக்கு அந்த நிமிடமே முட்டி பிடித்துக்கொண்டது. டாக்டருக்கு, கன்னம் வீங்கிய ஒரு நோயாளி நினைவுக்கு வந்தார்.

"நீங்க வாங்களேன்" என்றாள் என்னைப் பார்த்து.

"நான் வந்துட்டா நடவடிக்கைக் குறிப்பை யாரும்மா எழுதறது?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இறக்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு மேஜையிலிருந்த பிளேடை எடுத்து, தலைவர் "ஐயோ, மேல்பக்கம்!" என்று அலற அலற, ஒரு சதுரம் வெட்டிக் கையை உள்ளே விட்டாள். பின் இல்லை. நட்டு அவள் விரலோடு சுழன்று கழன்று வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையே சங்கம் மீண்டும் கூடியது. அனுமதியின்றி இறக்கையைச் சேதப்படுத்திய அவளை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் போட்டோம். மூன்று கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்த அந்தக் காட்சியை விவரிக்க வார்த்தை போதாது.

எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. அவசரத்தில் எழுதியதால் கண்டனத் தீர்மானத்தின் நடை அவ்வளவு சிறப்பாக அமையவில்லை. இரங்கல் தீர்மானமாக இருந்திருந்தால் பிரமாதமாக எழுதியிருப்பேன். அவளை வெளியே நிற்க வைத்திருந்தபோதே அதன் முதல் இரண்டு வரிகள் எனக்குத் தோன்றிவிட்டன.